கான்ஹா வனமும் நமது யாத்திரிகர்களும்

குளிர்காலம் சமீபித்துவிட்டால் நமது காரியாலயத்திற்கு ஒரு விதமான கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. கோர்ட்டுகளுக்கும் கலாசாலைகளுக்கும் விடுமுறை வரும் நாட்களில் குடும்பத்துடன் வடக்கே ஏதேனுமொரு வனத்திற்குச் சென்று, காட்டு மிருகங்களை அவற்றின் சொந்த இருப்பிடத்திலேயே காண வேண்டுமென்ற ஆசை நம்மவரிடையே வளர்ந்து வருகிறது. இஃது நல்ல ஆசையே. எந்த வனம், எந்த மாதம், எந்த வாயில், என்ன செலவு என்று அன்பர்கள் கேட்கிறார்கள். இவற்றோடு தவறாமல் இன்னொரு கேள்வியும் வருகிறது: "புலி நிச்சயமாய்க் காணக் கிடைக்குமா?"

முதற்கேள்விகளுக்கு நம்மாலியன்ற விடையைக் கீழே தருவோம். கடைசிக் கேள்விக்கு விடை எளிது. புலியை நிச்சயமாய்க் காட்டுவதாக எவன் வாக்களிக்கிறானோ அவனிடம் பணம் கொடாதீர்கள். ஆனால் ஓர் அன்பராவது கேளாத கேள்வி ஒன்றிருக்கிறது. நாம் பார்க்கப் போகும் அந்த வனத்திலே நமக்கு முன் குடியிருந்தவர்கள் யாவர்? அவர்கள் இப்போது எங்கே இருக்கின்றனர்? சுதந்திர தேசத்தின் பிரஜை ஒருவர் தமது தேசத்தின் வனத்திற்குள் புகுமுன் இதைக் கேட்டறிவது முறையென்பது நமது அபிப்பிராயம். இதற்கு உதாரணமாகக் கான்ஹா வனத்தை எடுத்துக்கொள்வோம். போவதற்குத் தகுந்த இடமும் அதுவே.

மத்தியப் பிரதேசத்தில் மண்டலா, பாலாகாட் என்னும் இரு ஜில்லாக்களில் மைக்கல் குன்றுகளின்மீது பரவிக் கிடக்கிறது கான்ஹா. அதில் தேசியப் பூங்கா என்று குறிக்கப்பட்ட பகுதி மட்டும் 940 சதுர கிலோமீட்டர். பஞ்சார், ஹாலோன் என்ற இரு ஆறுகள் அதைச் சூழ்ந்தோடுகின்றன. அந்த நீர் கடைசியில் நர்மதையைச் சேர்கிறது. சால மரங்களும் மூங்கிற் புதர்களும் அடர்ந்த சரிவுகள், அவற்றினிடையே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த புல்வெளிகள், மேலே தட்டையான மலைமுடிகள். இதுவே அந்த வனத்தின் தோற்றம். பூர்வத்தில் இது கட மண்டலா என்ற கோண்டு ராஜ்யத்தைச் சேர்ந்த பூமி. 1564-இல் மொகலாயப் படையை எதிர்த்துப் போர்க்களத்திலே உயிர்நீத்த ராணி துர்க்காவதி ஆண்ட சீமை அது. அந்த வமிசத்திலே வந்த சங்கர் ஷாவையும் அவர் குமாரர் ரகுநாத் ஷாவையும் 1857 செப்டம்பரில் ஜபல்பூரில் ஆங்கிலேயர் பீரங்கி வாயிலே கட்டிச் சுட்டனர். இவ்வளவு சரித்திரமுள்ள ஜனங்களை "நாகரிகமறியாத காட்டு ஜாதியார்" என்று நமது படித்த வகுப்பினர் இன்னும் கூசாமல் சொல்லி வருவது எவ்வளவு பரிதாபம்!

வனங்களை ஜனங்களிடமிருந்து பிரித்தெடுக்கும் வேலை சட்டத்தைக் கொண்டே நடந்தது. 1878-இல் வனச் சட்டம் பிறந்தது. மறு வருஷமே கான்ஹா ஒதுக்கப்பட்ட காடாயிற்று. புகைவண்டிப் பாதைக்குக் கட்டைகள் வேண்டியிருந்தன. சால மரம் அதற்கு மிகவும் ஏற்றது. அங்கே வாழ்ந்த பைகா ஜனங்களோ ஏரைத் தொடாதவர்கள். பூமி மாதாவின் மார்பைக் கலப்பையால் கீறுவது பாவமென்று நம்பி, காட்டுத் துண்டுகளை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலிலே விதை தூவி, சில வருஷங்களில் அவ்விடத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்து அப்பாற் செல்பவர்கள். பேவார் என்று பெயர் பெற்ற இந்தச் சாகுபடியை அன்றைய சர்க்கார் மரத்திற்குச் சத்துருவாகக் கருதித் தடுத்தது. 1890-இல் மலைமேல் ஒரு சிறு பிரதேசத்தைக் கோடு கிழித்து, பைகா சக் என்று பெயரிட்டு, அதற்குள் மட்டும் பேவார் செய்துகொள்ளலாமென்று அனுமதித்தது. தலைமுறை தலைமுறையாய் முழுக்காட்டையும் அநுபவித்து வந்தவனுக்கு ஒரு மூலையைத் தானமாகக் கொடுப்பதை எந்தத் தர்ம சாஸ்திரத்தின்படி நியாயமென்பது?

மரத்திற்கு அடுத்தபடி துரைமார்களுக்கு வேண்டியிருந்தது புலி. எந்தக் காட்டில் எத்தனை மிருகம் சுடலாமென்பதற்கு அனுமதிச் சீட்டுகள் இருந்தன. சீட்டு யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1933-இல் கான்ஹாவின் ஒரு பகுதியை மிருகங்களின் சரணாலயமாக்கினார்கள். அப்பால் ஸ்வராஜ்யமும் வந்தது. வந்து என்ன? 1947-க்கும் 1951-க்கும் இடையில் ஒரு மகாராஜகுமாரருக்கு விசேஷ அனுமதி அளிக்கப்பட்டு, அவர் அவ்வட்டாரத்தில் 30 புலிகளைச் சுட்டு வீழ்த்தினார் என்று, 1963 முதல் 1965 வரை கான்ஹாவில் தங்கி ஆராய்ச்சி செய்த ஜார்ஜ் ஷாலர் தமது நூலிலே எழுதி வைத்திருக்கிறார். வெள்ளையர் போன பிறகும் வேட்டைச் சீட்டு போகவில்லை. 1955-இல் கான்ஹா தேசியப் பூங்காவாயிற்று. 1972-இல் தேச முழுமைக்கும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. 1973 ஏப்ரலில் புலித் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது வனங்களில் கான்ஹாவும் ஒன்று. அன்று தேசத்திலிருந்த புலிகள் 1,827 என்று கணக்கிட்டனர். 2006-இல் புதிய முறைப்படி மதிப்பிட்டபோது 1,411 என்று வந்து தேசமே திடுக்கிட்டது. 2022-ஆம் வருஷத்து மதிப்பின்படி மூவாயிரத்துக்கு மேல். அவற்றில் மத்தியப் பிரதேசத்தில் மட்டும் 785. பெரிய காரியம் இது. இதில் நாம் கர்வங்கொள்வதில் தவறில்லை.

ஆனால் இந்த வெற்றியின் செலவை யார் கொடுத்தார்கள்?

கான்ஹாவுக்குப் போகிறவர்கள் புலியைவிட முக்கியமாய்க் காணவேண்டியது பாரசிங்கா என்னும் மான். கிளைத்த கொம்புடைய இம்மானின் இனத்தைச் சேர்ந்த மற்றவை சதுப்பு நிலத்தில் வாழ்வன. கெட்டித் தரையில் நடக்கும் குளம்புடைய இவ்வகையோ கான்ஹாவிலன்றி வேறெங்கும் எஞ்சாமற் போயிற்று. 1970-இல் எண்ணிப் பார்த்தபோது மீந்திருந்தவை 66. உயர்ந்த புல்லுக்குள் குட்டியை ஒளித்து வைத்து வளர்க்கும் பிராணி அது. மாடுகள் மேய்ந்தும் தீ வைத்தும் புல் குட்டையானால் குட்டிகளுக்கு மறைவிடமில்லை. ஆகவே 1969 முதற்கொண்டு வனத்தின் உள்ளேயிருந்த கிராமங்களை வெளியேற்றினார்கள். உழுத நிலம் புல்லாயிற்று, புல் உயர்ந்தது, மான் பெருகிற்று. இன்று நூற்றுக்கணக்கில் பெருகி, 2015 முதல் சாத்புரா வனத்திற்கும் சிலவற்றைக் கொண்டுபோய்க் குடியேற்றியிருக்கிறார்கள்.

ஆகவே அன்பர்களே, நீங்கள் ஜீப்பிலிருந்தபடி "ஆஹா, என்ன மனோகரமான புல்வெளி!" என்று வியக்குமிடம் இயற்கை தானே அமைத்துத் தந்த இடமென்று எண்ணிவிடாதீர்கள். அதிற் பெரும்பகுதி கோண்டுகளும் பைகாக்களும் விதைத்து அறுத்த வயல். அவர்கள் எழுந்துபோனபடியால்தான் மான் பிழைத்தது என்பதும் மெய். எழுந்துபோனவர்களுக்கு அதற்கீடாக நேர்மையான பலன் கிடைத்ததா என்பது தேசம் இன்னும் விடையளிக்காத கேள்வி என்பதும் மெய். மிருகப் பிரியர்கள் முதல் மெய்யை மட்டும் பேசுகிறார்கள். அவர்களை எதிர்ப்போர் இரண்டாவதை மட்டும் பேசுகிறார்கள். நாம் இரண்டையும் சேர்த்தே பேசக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சட்டம் இப்போது மௌனமாயில்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்கு அநுபவ பாத்தியதை உண்டென்பதை முதன்முறையாகத் தெளிவாய் ஒப்புக்கொண்டது. மிருகங்களின் பொருட்டு ஒரு கிராமத்தை எழுப்ப வேண்டுமானால், முதலில் அவர்களுடைய உரிமைகளைத் தீர்மானித்துக் கொடுக்கவேண்டும். மிருகங்களும் மனிதரும் கூடி வாழ வேறு வழியில்லையென்பது தெரிய வேண்டும். போகுமிடத்தில் ஜீவனத்திற்கு ஏற்பாடு தயாராயிருக்க வேண்டும். கிராம சபை விஷயத்தை அறிந்து, நிர்ப்பந்தமின்றி, எழுத்து மூலமாகச் சம்மதிக்க வேண்டும். குடும்பமொன்றுக்கு 2008-இல் 10 லட்சம் ரூபாய் என்று வைத்திருந்த தொகையை 2021-இல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். ஆயினும் 2014-இல் கான்ஹாவிலிருந்து பைகா குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது, அந்தச் சம்மதம் சம்மதமேயன்று என்ற புகார் தேசாந்தரங்களிலும் கேட்டது. நீதிமன்றங்களில் பழகிய நமக்குச் சம்மதத்திற்கும் பணிவிற்கும் உள்ள பேதம் தெரியும். யானையும் துப்பாக்கியும் சீருடையும் உடைய இலாகாவின் முன்னே, எழுத்தறியாத கிழவன் கைநாட்டு வைப்பதைச் சம்மதமென்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை. பணத்தைப் பாங்கியிற் போட்டுவிட்டால் கடமை தீர்ந்ததென்று எண்ணுவதும் தவறு. காட்டில் இலுப்பைப் பூவும் பீடி இலையும் தேனும் கிழங்கும் பொறுக்கிப் பிழைத்தவனுக்கு, பதினைந்து லட்சம் எத்தனை வருஷம் வரும்? நிலம் வாங்கத் தெரிந்தவன் பிழைப்பான். தரகர் கையில் அகப்பட்டவன் கூலியாவான்.

இப்படியானால் அவ்வனத்திற்குப் போகாமலேயே இருந்துவிடலாமே என்று சில தேசபக்தர்கள் கேட்கக்கூடும். 2012 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டே புலி வனங்களின் உட்பகுதியில் யாத்திரிகர் புகலாகாதென்று இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் புதிய விதிகள் பிரசுரமான பிறகே அந்தத் தடை நீங்கிற்று. அந்தச் சில மாதங்களில் வாயிற்புறத்துக் கிராமங்கள் பட்ட கவலையை நாம் மறக்கலாகாது. வழிகாட்டுவோரும் வண்டியோட்டுவோரும் சமையற்காரர்களும் பெரும்பாலும் அக்கிராமத்தவரே. தவிரவும், நல்ல யாத்திரிகனின் கண் வனத்துக்கு ஒரு காவல். ஒருவரும் பாராத காட்டில் மரம் வெட்டுகிறவனுக்கும் கண்ணி வைக்கிறவனுக்கும் சௌகரியம் அதிகம். 2005-இல் ராஜஸ்தானத்து சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லையென்று தெரியவந்ததே, அதுவும் யாத்திரிகர் போகும் வனம்தானே என்பார்கள். உண்மைதான், கண்ணிருந்தும் கேள்வி கேட்கத் தெரியாத யாத்திரிகரால் பயனில்லை. ஆகவே போங்கள் என்றே சொல்கிறோம். கேள்வி கேட்கத் தெரிந்துகொண்டு போங்கள்.

இனிப் பிரயாண விஷயத்திற்கு வருவோம். சென்னையிலிருந்து டில்லி செல்லும் ரயிலேறி நாகபுரியில் இறங்கி, அங்கிருந்து மோட்டாரில் முக்கி வாயிலுக்குப் போகலாம். ஜபல்பூரில் இறங்குவோருக்குக் கட்டியா வாயில் சமீபம். கான்ஹா, கிஸ்லி, முக்கி, சர்ஹி என்று உள்வனம் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அனுமதிச் சீட்டை இணையத்தின் வாயிலாக, விடுமுறை நாட்களானால் மாதக்கணக்கில் முன்கூட்டியே, வன இலாகாவிடம் நேரே வாங்க வேண்டும். சீட்டில் எந்தப் பெயரோ அந்தப் பெயருக்குரிய அடையாளப் பத்திரம் வாயிலிற் காட்டவேண்டும். ஒரு வண்டியில் ஆறு பேர்; உடன் இலாகாவின் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் வருவார். காலையில் ஒரு சவாரி, பிற்பகலில் ஒரு சவாரி. புதன்கிழமை பிற்பகல் இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் முடிய மழைக்காலத்தில் உள்வனம் மூடப்பட்டிருக்கும்.

எந்த மாதமென்று கேட்பவர்களுக்கு இரண்டு விடை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் நீர்நிலைகள் வற்றி, மிருகங்கள் மிஞ்சிய நீரைத் தேடி வரும், இலையும் உதிர்ந்திருக்கும், ஆதலால் புலியைக் காண்பதற்கு அனுகூலம் அதிகம், வெய்யிலும் அதிகம். டிசம்பர், ஜனவரியிலோ பாரசிங்கா ஆண்மான்கள் கொம்பிலே புல்லைச் சுற்றிக்கொண்டு, மாப்பிள்ளைபோல் அலங்காரமாய் நின்று, விடியற்காலத்தில் குரலெழுப்பும். நம்மைக் கேட்டால் இதையே தேர்ந்தெடுப்போம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அக்காலத்தில் இரவுக் குளிர் தண்ணீர் உறையும் அளவுக்கு இறங்கும். விடியலில் புல்வெளி முழுதும் வெண்பனி பூத்திருக்கும். திறந்த வண்டியிலே வேட்டியும் மேல்துண்டுமாய் ஏறி உட்கார்ந்துவிட்டு, தென்னாட்டு வீரம் பேசுவது பயன்படாது. கம்பளியும் குல்லாவும் கையுறையும் அவசியம். காக்கி, பழுப்பு, பச்சை ஆகிய மங்கிய நிறங்களில் உடுப்பது நல்லது. வாசனைத் தைலங்கள் வேண்டாம்.

காட்டைக் காதினாற் பார்க்கப் பழகுங்கள். முசுக்குரங்கு மரத்தின்மேலிருந்து இருமுவதுபோற் கத்தினால், கீழே ஏதோ வருகிறது. புள்ளிமானின் கூவல் சில வேளை வீண் பயமாயிருக்கும். கடமான் வாய் திறந்தால் பெரும்பாலும் பொய் சொல்லாது. வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொல்லிக் காதைக் கொடுக்கும்போது, நமது கனவான்கள் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துச் சத்தப்படுத்துவதைக் காண்கையில் நமக்கு ஏற்படும் வெட்கம் கொஞ்சமல்ல. 2012-இன் விதிகள்படி எந்த மிருகத்திற்கும் 20 மீட்டருக்குக் குறையாமல் வண்டி விலகி நிற்க வேண்டும். வண்டிக்கு வண்டி 50 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு மிருகத்தைப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஒருவரே முற்றுகையிட்டிருத்தல் கூடாது. நடப்பது யாது? புலி ஒன்று தென்பட்டதென்ற செய்தி எட்டியதும் வண்டிகள் பறந்து வந்து மறிக்கின்றன. முன்னே நிற்பவரை விலகச் சொல்லி அதட்டுகிறார்கள். "இன்னும் கிட்டப் போ, உனக்குத் தனியே இனாம் தருகிறேன்" என்று வண்டிக்காரனைத் தூண்டுகிறார்கள். விதி மீறினால் தண்டனை வண்டிக்காரனுக்கு. இனாம் காட்டி மீறச் செய்தவர் படத்துடன் ஊர் திரும்புகிறார். துப்பாக்கியை வைத்துவிட்டுப் படக்கருவியை எடுத்துக்கொண்டோமேயொழிய, சீட்டு வாங்கியவனுக்கு மிருகம் சொந்தமென்ற அந்தத் துரைத்தனத்துப் புத்தி நம்மை விட்டு நீங்கினதாகத் தெரியவில்லை.

புலியின் செய்தி கிடைக்காத வட்டாரச் சீட்டைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். கட்டியா, காபா முதலிய வெளிவனப் பகுதிகளிலும் சவாரி உண்டு. அங்கே நெரிசல் குறைவு. காட்டெருமை மந்தை ஒன்று மூங்கிற் காட்டிலிருந்து இறங்கி வருவதும், செந்நாய்க் கூட்டம் வேட்டைக்குப் புறப்படுவதும் எந்தப் புலிக் காட்சிக்கும் தாழ்ந்தவையல்ல.

உள்வனத்திலே சிரவண தால் என்றொரு குளம் உண்டு. குருடரான தாய் தந்தையரைத் தோளில் சுமந்து வந்த சிரவணகுமாரன் அவர்களுக்காகக் குடத்தில் நீர் மொண்ட இடம் அதுவென்றும், மொண்ட சத்தத்தை யானையென்று எண்ணித் தசரதன் பாணம் விட்டது அவ்விடத்திலென்றும் அந்நாட்டார் சொல்லுகின்றனர். வேட்டைச் சீட்டு வைத்திருந்த ராஜாக்களில் பழையவன் செய்த பிழை! வண்டி அவ்விடத்தைக் கடக்கும்போது பெரும்பாலோர் திரும்பியும் பாரார். ஆனால் விடுதிகளின் விளம்பரங்களையும் பெயர்ப் பலகைகளையும் பார்த்தாலோ, எங்கு நோக்கினும் மௌக்லி, பகீரா, ஷேர்கான்! கிப்ளிங் என்ற ஆங்கிலேயர் 1894-இல் எழுதிய கதையின் பாத்திரங்கள் இவை. கதை நல்ல கதைதான், நாமும் படித்திருக்கிறோம். ஆயினும் அக்கதை நடப்பது பக்கத்துச் சியோனி மலைகளில். பைகாவின் வாக்கிலே புலிக்கும் தேவதைக்கும் உள்ள கதைகளுக்குக் குறைவேயில்லை. அவற்றை ஒரு பலகையிலாவது எழுதி வைக்க ஒரு விடுதிக்காரருக்கும் தோன்றவில்லையா?

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. வாயிலில் வாங்கும் கட்டணம் ஆண்டொன்றுக்கு எவ்வளவு, அதில் வனத்தின் காவலுக்கு எவ்வளவு, வெளியேற்றப்பட்ட கிராமங்களுக்கு எவ்வளவு என்பதை, யாத்திரிகன் படிக்கக்கூடிய பலகையில் ஹிந்தியிலும் கோண்டியிலும் எழுதி வாயிலிலேயே வைக்கட்டும். ஒவ்வொரு புல்வெளியிலும் முன்பு இருந்த கிராமத்தின் பெயரை ஒரு கல்லில் வெட்டி நடட்டும். வழிகாட்டிகளையும் வன ஊழியர்களையும் எடுக்கும்போது அக்கிராமத்தவரின் சந்ததிக்கு முதலுரிமை அளிக்கட்டும். வரும் நாட்களில் எந்தக் கிராமத்தையாவது எழுப்ப உத்தேசமிருந்தால், கிராம சபையின் தீர்மானத்தை எழுப்புவதற்கு முன்னரே பகிரங்கமாய்ப் பிரசுரிக்கட்டும்.

யாத்திரிகர்களும் தம்மாலானதைச் செய்யலாம். தங்குமிடத்தை ஏற்பாடு செய்யும்போது, அவ்விடத்தில் வேலை செய்வோரில் எத்தனை பேர் சுற்றுக் கிராமத்தவர் என்று கடிதத்திலேயே கேட்டெழுதுங்கள். பதில் வராவிட்டால் வேறிடம் பாருங்கள். வழிகாட்டியைப் பெயர் சொல்லி, மரியாதையாய் விளியுங்கள், "ஏ, புலி எங்கே?" என்று கேளாதீர்கள். அவருடைய பாட்டனாரின் கிராமம் எதுவென்று கேட்டு, வண்டி அவ்வழியே செல்லுமானால் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அக்டோபர் முதல் தேதி வாயில்கள் திறக்கின்றன. ஜனவரிக்குச் சீட்டு வேண்டுவோர் அதற்கு முன்பே மனுச் செய்துவிடுவது உத்தமம்.